வாப்பா சொன்ன லாபம்

குளிப்பாட்டும் பலகையில் மையித்தைப் புரட்டிப் பிடித்துக்கொண்டு, நளீர் இறந்துபோன வாப்பாவின் முதுகில் தண்ணீர் வார்த்தான். திரைக்கு அந்தப் பக்கமிருந்து உம்மாவின் குரல் கேட்டது.

"மகன், வாப்பா கடைசியாச் சென்னத ஆக்களுக்குச் செல்லாம மையித்த அடக்காதீங்க."

நளீர் மறுபடி தண்ணீர் மொண்டான். ஆற அமர அழக்கூட விடமாட்டேன் என்கிறதே இந்த ரப்பர்!

கட்டுகஸ்தோட்டையில் ரப்பர் கம்பெனிப் பங்கு வைத்திருந்த கடைக்காரர்கள் நளீரின் வாப்பா ஸெய்னுலாப்தீனைக் கேட்காமல் மூச்சுக்கூட விடமாட்டார்கள். கொழும்புத் தரகர்மார் காகிதத்தைப் பார்த்துக் கம்பெனி லாபம் சொல்வார்கள். இவரோ பாலத்தடியில் குந்தி, மாத்தளைப் பக்கமிருந்து ஸ்டேஷனுக்கு ரப்பர் ஏற்றி வரும் மாட்டுவண்டிகளைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஏழெட்டு வருஷமாகச் சொன்னது பிசகவில்லை. இந்த வருஷம் வண்டிக்கு மேல் வண்டி வந்தது. "லாபம் காற்பங்கு ஏறும்" என்றார் மனுஷன். ஊரே விழுந்தடித்துக்கொண்டு பங்கு வாங்கியது.

நேற்று ஸ்டேஷன் கொட்டகைக்குள் ஏதோ யோசனையில் நுழைந்தவர், அடுக்கியிருந்த ரப்பர் ஷீட்டெல்லாம் பூஞ்சணம் பிடித்துக் கிடந்ததைக் கண்டார். தோட்டத்தில் விலைபோகாமல் கிடந்த பழைய சரக்கைத்தான் அத்தனை வண்டியிலும் இறக்கியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தார். "லாபம் ஏறாது மகன். ஆக்களுக்குச் செல்லிருங்க" என்றார். விடிகாலை சுபஹுத் தொழுகைக்கு முன்னால் மூச்சு அடங்கிவிட்டது.

பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகைக்கு முன், வழக்கப்படி வாரிசான நளீர் எழுந்து நின்றான்.

"எங்கட வாப்பாட வாயாலயோ கையாலயோ யாருக்கும் நோவினை வந்தீந்தா, அல்லாஹ்வுக்காக மாப்பு செய்ங்க." மற்ற வீட்டுப் பிள்ளைகள் என்றால் அதோடு உட்கார்ந்துவிடுவார்கள். நளீர் உட்காரவில்லை. "ரப்பர் கம்பெனிக்கு லாபம் ஏறுமெண்டு சென்னது பிழை. கடைசியா வாப்பாவே சென்னாரு. வச்சிருக்கிறவங்க வித்துருங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அப்பாடா, பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தான், பாவம்.

வாப்பாவைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் தூக்கி, அடக்கம் செய்ய மையவாடிக்கு மேடேறும்போது, பெட்டியின் பக்கத்துக் காலுக்குத் தோள் கொடுத்தார் இரும்புக்கடை சாஹுல் ஹமீது. மகளின் கலியாணத்துக்கு வைத்திருந்ததையெல்லாம் ரப்பரில் போட்டிருந்த மனுஷன்.

"மகன், எல்லாரும் வித்தா விலை விழுமே. விழுந்தா யாரு வாங்குற?"

"யாருக்குத் தெரியும் மாமா?"

"உங்களுக்குத் தெரியாதா?" என்று மெல்லச் சிரித்தார்.

விலையை விழவைத்து இவனே மலிவாக வாங்கப் பார்க்கிறானாம்! நளீருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. திரும்பி நின்று கத்தலாம் என்றால் தோளில் வாப்பா. பின்னால் வந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு வந்தார்கள். கலிமாவை மட்டும் சத்தமாகச் சொன்னான்.

குழியை மூடும்போது சாஹுல் ஹமீது மறுபடி நெருங்கினார்.

"சரி, நீங்க சென்னது உண்மையெண்டே வைப்போம். வாப்பாட பங்கு எல்லாத்தையும் இண்டைய விலைக்கு எனக்குத் தாங்க. இப்பவே."

சுற்றி நின்றவர்கள் மண் அள்ளிய கையோடு அவனைப் பார்த்தார்கள்.

கொடுத்துவிட்டால் கை கழுவிவிடலாம். ஆனால் ஒன்றுக்கும் உதவாது என்று தெரிந்த சாமானை, அதுவும் வாப்பாவின் கபுறடியில், ஒரு குமரைப் பெற்ற மனுஷனின் தலையில் எப்படிக் கட்டுவது?

"தர ஏலாது மாமா."

சாஹுல் ஹமீதின் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா!" என்றார் மற்றவர்களிடம்.

"மாமா, உங்களுக்கு நட்டம் வரக்கூடாதெண்டுதான்..."

"வெளங்குது மகன், வெளங்குது. வாப்பாக்குத் தப்பாத புள்ள." அவன் முதுகில் தட்டினார்.

மூன்று பிடி மண்ணைப் போட்டுக் கையை உதறினார். இன்னும் பங்கு வாங்கச் சொல்லித் தபால் கந்தோர் மூடுவதற்குள் கொழும்புத் தரகருக்குத் தந்தி அடிக்க வேண்டும் என்று யாரிடமோ சொல்லியபடி மேட்டிலிருந்து இறங்கினார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள்.

லெப்பை கபுறடியில் குந்தி ஓதத் தொடங்கினார். ஓதி முடியும்வரை மகன் எழுந்து போக முடியாது. தலைமாட்டில் இருந்தபடி, கீழே சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே, நளீர் ஆமீன் சொன்னான்.