ஒன்பதாம் தேதி முத்திரை

அஸ்கரி பேகம் பிறந்த வீடு கனகபுரா. கன்னடத்தில் பத்தாவது வரை படித்தவள். கர்நாடக எல்லைக்கு இந்தப் பக்கம் கோடிப்பள்ளத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினேழு வருஷமாகத் துணி தைக்கிறாள். அந்த ஊரில் கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

எண்பத்தெட்டில் அங்கே ஐந்து பேர் விஷச் சாராயம் குடித்துச் செத்தார்கள். அடுத்த வாரமே ஏட்டு பச்சியப்பன் அவள் வாசலில் வந்து நின்றார்.

"நாளைக்கு விசாரணைக்குப் பெரிய ஆபீசர் வர்றாருங்கம்மா. கன்னடத்துல கொஞ்சம் கடுதாசி கெடக்குது. தமிழ்ல எழுதிக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போவும்."

ஸ்டேஷனில் அவள் முன்னால் ஒரு கடிதக் கட்டைப் போட்டார்கள். எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஸ்டேஷன் அனுப்பியவை. மாடு திருட்டு, சைக்கிள் திருட்டு என்று ஆறு கடிதம் எழுதி முடித்தாள். ஏழாவதை எடுத்ததும் விரல் வழுக்கியது. தாள் முழுக்க எண்ணெய். ஓரத்தில் போண்டாத் துணுக்கு காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிவிட்டுப் படித்தாள்.

'மஞ்சள் பாக்கெட் சாராயம். எங்கள் பக்கம் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். தக்காளிப் பெட்டிகளுக்கு அடியில் வைத்து உங்கள் பக்கம் கடத்துகிறார்கள். உடனே ஊர் ஊராகத் தண்டோரா போடவும்.'

மூலையில் இந்த ஸ்டேஷனின் முத்திரை இருந்தது. வந்து சேர்ந்தது ஒன்பதாம் தேதி. ஐந்து பேர் செத்தது இருபத்திமூன்றாம் தேதி.

அவள் கையை முந்தானையில் துடைத்தாள். எண்ணெய் போகவில்லை.

"இதை யாருமே படிக்கலீங்களா?"

"கன்னடம் இங்க யாருக்கும்மா தெரியும்?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியுமேங்க. போன வருஷம் மாட்டு கேசுக்குக் கூப்பிட்டீங்க."

அவர் போனை எடுத்து அந்தப் பக்கத்து ஸ்டேஷனைக் கேட்டார். பத்தே நிமிஷத்தில் லைன் கிடைத்தது. பாதி கன்னடம், பாதி தமிழ், நடுநடுவே சிரிப்பு. கடிதத்தை இருபத்துநாலாம் தேதி அனுப்பியதாக அவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும். போன மாதம் காணாமல்போன கிழவனைப் பற்றி இவர்கள் தமிழில் அனுப்பிய கடிதம் அங்கே பிரிக்காமலே கிடந்ததாம். பதிலுக்கு அதைப் பற்றி இவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். பேச்சு சுமுகமாக முடிந்தது. இவ்வளவு லேசாகப் பேச முடிகிறவர்கள் இந்தப் போனை ஒன்பதாம் தேதி எடுத்திருக்கக் கூடாதா என்று அவள் நினைத்தாள்.

"வேற தாள்ல எழுதுங்க. முத்திரையப் பத்தி எழுத வேணாம். தேதிய நாங்க போட்டுக்கறோம்" என்று அவளிடம் சொன்னார் சப்-இன்ஸ்பெக்டர்.

அஸ்கரி பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள். "என்னால முடியாதுங்க."

"உங்க வூட்டுக்காரர் பெட்டிக்கடை ரோட்டு புறம்போக்குலதான இருக்குது?"

அவள் எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் விசாரணை மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. கடிதமே தாமதமாகத்தான் வந்தது என்று எழுதிவிட்டார்கள். அந்த வாரமே கடையையும் பிரித்துப் போட்டார்கள். புருஷன் அப்துல் ஷுக்கூர் தகரத்தைச் சுமந்துவந்து வீட்டுச் சுவரில் சாய்த்தார்.

அன்று சாயங்காலம் தீர்த்தம்மாள் வீட்டுக்குப் போனாள். தீர்த்தம்மாளின் புருஷன் மாயவன், மாரண்டஹள்ளி மண்டியில் மூட்டை தூக்கியவன், அந்த ஐந்து பேரில் ஒருவன். அஸ்கரி கடிதத்தைப் பற்றி எதையும் மறைக்காமல் சொன்னாள், போண்டா உட்பட.

தீர்த்தம்மாள் முறத்திலிருந்த ராகியில் கல் பொறுக்கியபடியே கேட்டாள்.

"பதினாலு நாளா அங்கயே இருந்திச்சாக்கா?"

"ஆமா."

"அவருக்குப் படிக்கத் தெரியாது. தண்டோரா போட்டிருந்தா கேட்டிருப்பாரு. தண்டோரா சத்தம் கேட்டா சோத்த வச்சிட்டு ஓடுவாரு, மொத ஆளா."

அஸ்கரி முறத்தின் அந்தப் பக்கம் உட்கார்ந்து தானும் கல் பொறுக்கினாள்.