தோக்மானின் வலது ஷூ

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை, என் அதிகப்பிரசங்கித்தனத்தில் பிறந்தது. துணி திருத்தும் கடை வைத்திருக்கும் யோன்சிம் அக்காவையும், எங்கள் தெரு வழியாகப் பேருந்து ஓட்டும் தோக்மானையும் சந்திக்க வைக்கக் கிளம்பியவள் நான்தான். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, இருவரும் தனி. இடம், தென்கொரியாவின் தேகு நகரில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பூங்கா. அங்கே ஒரு தாமரைக் குளமும் ஓடு வேய்ந்த மரமண்டபமும் உண்டு.

அக்கா கிளம்பும்போதே கறாராகச் சொன்னாள்: "இது மூணாவது ஆளு. முன்னாடி வந்த ரெண்டு பேரும் டீ ஆறுறதுக்குள்ள எந்திரிச்சுப் போயிட்டாங்க. இவரும் அப்படின்னா, இனிமே என்கிட்ட கல்யாணப் பேச்சையே எடுக்காத."

2

'இலையுதிர்கால மழையில், வளைந்த கூரையின் நுனியிலிருந்து சொட்டும்'

(வேண்டாம். சுற்றுலாக் கையேடு மாதிரி இருக்கிறது.)

'தோக்மான் திமிர் பிடித்தவர்.'

இதையும் அடித்துவிட்டேன். ஆனால் அன்று அப்படித்தான் நினைத்தேன். நானும் அக்காவும் மண்டபத்தில் ஏறி உட்கார்ந்து, பார்லித் தேநீரை ஊற்றி, கிம்பாப் என்ற சோற்றுச் சுருள் பொட்டலத்தையும் பிரித்துவிட்டோம். தோக்மான் வந்தார், குனிந்து வணங்கினார், மண்டபத்தில் ஏறுமுன் காலணியைக் கழற்றிவைக்கும் கல்லருகே நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"மேல வாங்க," என்றாள் அக்கா.

"நாள் பூரா உட்கார்ந்துதானேங்க பஸ் ஓட்டுறேன். நிக்கிறது சுகமா இருக்கு."

தூறல் விழத் தொடங்கியது. அப்போதும் நின்றார். அவருக்கு ஊற்றிய தேநீரில் ஆவி குறைந்துகொண்டே வந்தது.

3

எழுதும்போது இவரை எனக்கே பிடிக்காமல் போனது. ஒரு காரணம் கொடுத்தால் தேறிவிடுவார் என்று, 'அந்த மண்டபத்தில்தான் முன்பொரு நாள் அவருடைய மனைவி' என்று அரைப் பக்கம் எழுதினேன். படித்தபோது வெட்கமாக இருந்தது. நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

குடை கொடுக்கிற சாக்கில் கீழே இறங்கினேன்.

"என்னண்ணே, என் மானத்த வாங்குறீங்க?"

"மெதுவாப் பேசும்மா. சாக்ஸ்ல ஓட்டை. கட்டைவிரல் முழுசா வெளியில நிக்குது."

"கழட்டிட்டு வாங்க."

"முதல் தடவை பாக்குற பொம்பள முன்னாடி வெறுங்காலோடயா? அதுக்கு ஓட்டையே தேவலை."

என் சாக்ஸைத் தரவா என்று கேட்டேன்.* என் காலைப் பார்த்தார். பிறகு மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

(* சுரங்க ரயில் நிலைய வாசலில் வாங்கியது. இளஞ்சிவப்பு. மேலே முயல் முகம், அதன் காது தனியாகத் தொங்கும்.)

4

இங்கே இரண்டு முடிவுகள் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றில் அவர் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிடுகிறார். இன்னொன்றில் நான் உண்மையைப் போட்டு உடைக்கிறேன். இரண்டுக்கும் அக்கா இடம் கொடுக்கவில்லை. அவள் முகம் சுருங்கிவிட்டது.

"டீ ஆறிடுச்சு. கிளம்பலாம்," என்று பிளாஸ்கை மூடினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தோக்மான் சட்டென்று குனிந்து இடது ஷூவைக் கழற்றினார். புத்தம் புதிது மாதிரி முழுசாக இருந்தது சாக்ஸ். அதோடு நிறுத்திவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார்.

அக்கா அந்தக் காலைப் பார்த்தாள். கழற்றாத ஷூவைப் பார்த்தாள். கிழிசலை மடித்து மறைத்துக்கொண்டு கடை வாசலில் தயங்குகிறவர்களை இருபது வருஷமாகப் பார்த்துவருகிறவள்.

"இது நல்ல காலு. மத்தத காட்டுங்க."

அவர் காது சிவந்துவிட்டது. அக்கா கைப்பையைத் துழாவி ஊசியை எடுத்தாள்.

"வெள்ளை நூல்தான் இருக்கு. பரவாயில்லையா?"

"சாக்ஸ் கறுப்புங்க."

"தெரியுது. பரவாயில்லையான்னு கேட்டேன்."

5

பதிலைக் கேட்க நான் அங்கே இல்லை. "உனக்கு வீட்ல வேலை இல்லையாடி?" என்று அக்கா என் குடையை என் கையிலேயே திணித்து அனுப்பிவிட்டாள். அவர் என்ன சொன்னார் என்று பிறகு கடையில் போய்க் கேட்டால், யாருடைய பாவாடைக்கோ அளவு பார்க்கக் குனிந்துவிடுகிறாள்.

ஆகவே வலது ஷூவை நான் கழற்றப்போவதில்லை. அது உங்கள் பொறுப்பு. ஆற அமர யோசியுங்கள் என்று சொல்லவும் முடியவில்லை. அக்கா நூல் கோத்துவிட்டாள், மனிதர் இன்னும் ஒற்றைக் காலில் நிற்கிறார்.