டப்பாவுக்குள் எழுந்த முடவன்

போடி கடைவீதியில் தையல் கடை வைத்திருந்த கிருபாவதிக்கு வாய்க்கொழுப்பு அதிகம் என்று சபையில் ஒரு பேச்சு உண்டு. வாயல்ல, அவளுக்கு அதிகம் பிடிவாதம். ஞாயிறுதோறும் சபைப் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்தியவள் அவள்தான். அந்த ஒரு வகுப்புக்காகத்தான் வாரம் முழுக்க மிஷினை மிதித்தாள் என்றே சொல்லலாம்.

தேவாலயத்து அலங்கார வாசலில் பிச்சை கேட்ட முடவன் ஆண்டவர் அருளால் எழுந்து நடந்த வேதக் கதையைச் சொன்னபோது பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. வட்டமான பிஸ்கட் டப்பா ஒன்றின் அடியில் ஆணி இறக்கி, அதை நூல்கட்டைத் துளையில் செருகிச் சுழலவிட்டாள். உட்கார்ந்திருப்பவன் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நிற்பதைக் காகிதப் பட்டையில் வரிசையாக வரைந்து டப்பாவுக்குள் சுற்றி வைத்தாள். சுற்றினால் எல்லாம் ஒரே கலங்கல். விடுவாளா? படங்களுக்கு மேலே, டப்பாவைச் சுற்றிலும் குறுகலான பிளவுகள் வெட்டினாள். டப்பாவைச் சுழற்றிவிட்டு வெளியிலிருந்து பிளவு வழியே பார்த்தாள். பிளவுகள் கண்ணைக் கடந்து ஓட ஓட, உள்ளே முடவன் எழுந்தான்!

சபைப் பொருளாளர் ஞானசிகாமணி ஏலக்காய் வியாபாரி. சினிமாக் கொட்டகை இருக்கும் தெருப்பக்கம்கூடப் போகாதவர். சேதி கேட்டதும் வகுப்புக்கே வந்துவிட்டார்.

“கோயிலுக்குள்ள சினிமாவா? இதை அடுப்புல போடு. இல்லன்னா வகுப்பை வேற ஆளு பாத்துக்கிடுவாக.”

“அடுப்புலயும் போட மாட்டேன், வகுப்பையும் விட மாட்டேன் அய்யா. அறுப்பின் பண்டிகையில சபைக்கு முன்னால வையிங்க. அவுக பாத்துச் சொல்லட்டும்.”

அவரும் சளைத்தவரில்லை. பண்டிகையன்று, காணிக்கையாக வந்த சேவலும் பூசணியும் ஏலம் போன மேசைமேல் டப்பாவை வைத்தார். முன்வரிசைக்காரர்களைக் குனிந்து பார்க்கச் சொல்லிவிட்டுத் தானே சுழற்றினார். அவர் மட்டும் பார்க்கவில்லை, பார்த்தால் பாவமாயிற்றே! ஏலக்காய்ச் சல்லடையை இடப்பக்கமாகவே சுற்றிப் பழகிய கை, டப்பாவையும் இடப்பக்கமாகவே சுற்றியது.

“ஆத்தாடி, நிக்கிறவன் விழுகுறானே!” என்று அலறினாள் முன்வரிசை ஜெபமணி.

“கேட்டீகளா?” பொருளாளர் நிமிர்ந்தார். “ஆண்டவர் தூக்கிவிட்டவனை இவ தள்ளிவிடுறா. இன்னும் என்ன சாட்சி வேணும்?”

கூட்டம் முணுமுணுத்தது. வகுப்பு கைவிட்டுப் போயிற்று என்றே நினைத்தாள் கிருபாவதி. ஆனால் பயத்தைக் கோபம் முந்திக்கொண்டது. விறுவிறுவென்று மேசைக்கு வந்து, டப்பாவைப் பிடித்து நிறுத்தி, வலப்பக்கமாகச் சுழற்றிவிட்டாள்.

“இப்பப் பாருக்கா.”

ஜெபமணி மறுபடி குனிந்தாள். “எந்திரிக்கிறான்! ஏசுவே, எந்திரிச்சே நின்னுட்டான்!”

பின்வரிசைக்காரர்கள் முண்டியடித்து வந்தார்கள். கிருபாவதி பொருளாளரை நேருக்கு நேர் பார்த்தாள்.

“நான் அவனை எந்திரிக்கத்தான் வரைஞ்சேன் அய்யா. தள்ளிவிட்டது உங்க கை. நம்பலன்னா நீங்களே குனிஞ்சு பாருங்க.”

அவர் குனியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஏலம் கூவும் ஏசுதாசன் தயங்கித் தயங்கி, “இதையும் கூவட்டுமாம்மா?” என்றார்.

“இது விக்கிறதுக்கில்ல. ஞாயித்துக்கெழமை வகுப்புக்கு வேணும்” என்று சொல்லி, டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தாள்.

ஞாயிறு காலை அவள்தான் வகுப்புக் கதவைத் திறந்தாள். வேறு ஆள் யாரும் வந்து நிற்கவில்லை.