வாசலில் கழற்றிய சப்பாத்துகள்

விடிந்தும் விடியாத நேரத்தில் புஸ்பவதி முழங்காலில் நகர்ந்து தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டின் ஒவ்வொரு அறையையும் அவள் இப்படி முழங்காலாலேயே நடந்து முடித்திருந்தாள். ஒரு கையில் கம்பித் தூரிகை, மறு கையில் வினாகிரி நனைத்த துணி. பழைய ஓடுகளில் அப்பிக் கிடந்த சுண்ணாம்பு நகக்கண்ணுக்குள் புகுந்து எரித்தது. தலைக்கு மேலே கோபாலசிங்கம் மர உத்தரத்துக்கு வார்னிஷ் பூசினான். வெளியே சிசிலிக்கார மேசன் துரி சாந்து குழைத்துக்கொண்டிருந்தான். ஒழுங்கைக்குள் வாகனம் வராது என்பதால் அருளையா சீமெந்துப் பைகளைத் தோளில் சுமந்து, கடற்கரைப் பக்கத்துப் படிகளால் ஏறிவந்தார். அவரிடமிருந்து மூச்சு வாங்கும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் வராது.

அது பலெர்மோவின் கடலோரப் பகுதியான அரெனெல்லாவில், மலையின் காலடியில், யாரோ ஒரு மீனவர் விட்டுப்போன சின்ன வீடு. சிஞ்ஞோரா என்று எல்லோரும் மரியாதையாக அழைத்த லெத்தீசியா அதை வாங்கி விருந்தினர் விடுதி ஆக்கிக்கொண்டிருந்தாள். பலெர்மோவில் அந்த வருசங்களில் இடிந்த வீடு வைத்திருந்த எல்லோருக்கும் அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. வருகிறவர்கள் சொந்த வீட்டுக்கு வந்ததுபோல உணரவேண்டும் என்று சிஞ்ஞோரா வாய் ஓயாமல் சொன்னாள். யுத்தத்தில் சொந்த வீட்டை இழந்தவர்களைக் கொண்டு அதைச் செய்வித்தால் மலிவு என்பதை மட்டும் சொல்லவில்லை.

கடதாசியில் இவர்கள் ஒருவரும் கட்டட வேலை செய்யவில்லை. கோபாலசிங்கம் தோட்டக்காரன். புஸ்பவதி சிஞ்ஞோராவின் தாயைப் பராமரிக்கும் வேலைக்காரி. அந்தத் தாயை அவள் ஒருநாளும் கண்டதில்லை. ஆனாலும் இத்தாலியில் தங்குவதற்கான அவளுடைய அனுமதி, பெர்மெஸ்ஸோ, அந்தக் கிழவியின் பெயரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

சுண்ணாம்புக்குக் கீழேயிருந்து ஓடுகளின் நீலமும் மஞ்சளும் முதன்முதலாக வெளியே வந்த அன்றுதான் சப்பாத்துக் கதை தொடங்கியது. அருளையா வாசலில் நின்று பார்த்தார். பிறகு குனிந்து, இரும்புக் கவசம் வைத்த தன் கனத்த வேலைச் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். வீட்டுக்குள்ளே சப்பாத்தோடு போகலாமா என்று அவர் யோசித்திருக்கவே மாட்டார். கால் தானாகவே கழற்றியது. அடுத்த நாள் கோபாலசிங்கமும் கழற்றினான். சிஞ்ஞோரா பார்த்துக் கைகொட்டி மகிழ்ந்தாள். உங்கள் ஆட்களுக்குத்தான் மரியாதை தெரியும் என்று புகழ்ந்தாள். புகழ்ச்சி ஒரு கிழமையில் சட்டமாகிவிட்டது. துரிகூட வாய்க்குள் திட்டிக்கொண்டு கழற்றவேண்டி வந்தது.

அன்று மத்தியானம் புஸ்பவதி நடு அறையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி முடித்திருந்தாள். அடுத்த நாள் இன்ரநெற்றில் போடுவதற்குப் படம் பிடிக்க ஆள் வருகிறது, விளக்கை இப்போதே தொங்கவிட வேண்டும் என்று சிஞ்ஞோரா அவசரப்படுத்தினாள். தரை காயட்டும் என்று புஸ்பவதி சொன்னாள். சிஞ்ஞோரா கேட்கவில்லை. அருளையா காலுறையோடு ஏணியில் ஏறினார்.

புஸ்பவதி பக்கத்து அறையில் விருந்தினர் கட்டிலுக்கு விரிப்புப் போட்டு, இரண்டு தலையணைகளையும் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. ஓடிவந்தாள். ஏணி ஒரு பக்கம், அருளையா ஒரு பக்கம். இடது கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது. அவர் அலறவில்லை.

"ஓடு ஏதும் உடைஞ்சதோ, தங்கச்சி?" என்று கேட்டார்.

அவள் ஓடுகளைப் பார்க்காமல் அவருடைய தலையைத் தன் மடியில் தூக்கி வைத்தாள்.

அம்புலன்ஸைக் கூப்பிட சிஞ்ஞோரா விடவில்லை. துரியும் கோபாலசிங்கமும் அவரை ஒரு கதவுப் பலகையில் தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் நடந்தார்கள். சிஞ்ஞோரா தன் காரிலேயே கொண்டுபோனாள்; புஸ்பவதி பின்னால் அவரோடு இருந்தாள். வழியில் கண்ணாடியால் புஸ்பவதியைப் பார்த்துச் சொன்னாள், அருளையா தான் குடியிருக்கும் அறையின் படிக்கட்டில் விழுந்தார் என்று. நடந்ததை மறந்துவிட்டவளுக்கு ஞாபகப்படுத்துவதுபோல இருந்தது அந்தக் குரல். வேலையில் விழுந்தவனை அரசாங்கம் பார்க்கும். வீட்டில் விழுந்தவனைக் கடவுள்தான் பார்க்கவேண்டும். இது புஸ்பவதிக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் டொக்டர், அருளையாவின் தலைமயிரில் இருந்த சுண்ணாம்புத் தூளைப் பார்த்தார். சிஞ்ஞோரா சொன்ன கதையைக் கேட்டார். ஒன்றும் எழுதவில்லை. நாளைக்குக் காலில் கத்தி வைக்கவேண்டும், அதற்குமுன் விழுந்ததைக் கண்ட ஆள் வந்து தன்னிடம் சொல்லட்டும் என்றார். சிஞ்ஞோரா வெளியே வந்து புஸ்பவதியின் தோளில் கை வைத்தாள். முதலில் ஓடிவந்து கண்டது நீதானே, இத்தாலியன் பேசவும் உனக்குத்தான் நன்றாக வரும் என்றாள். உன்னுடைய பெர்மெஸ்ஸோவும் இந்த மாதம் புதுப்பிக்க வருகிறதல்லவா என்றும் கேட்டாள். கை தோளிலேயே இருந்தது.

பின்னேரம் அவள் வீட்டைப் பூட்டப் போனபோது வாசலில் ஒரு சோடிச் சப்பாத்து மட்டும் மிஞ்சிக் கிடந்தது. அதை எடுத்துப்போக அருளையாவுக்குப் பலெர்மோவில் யாருமில்லை. அவள் அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

போர்கோ வெக்கியோவில் அவளுடைய அறையில் ஒரு கட்டில், ஒரு கோப்பை, ஒரு தலையணை. கீழே சந்தைக்காரர்கள் கடை கட்டிக்கொண்டிருந்தார்கள். யாருக்காவது சொல்லவேண்டும்போல இருந்தது. கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தாள். அதிலிருந்த பெயர்களில் பாதிக்கு மேல் சிஞ்ஞோரா என்றுதான் தொடங்கின. வன்னி யுத்தத்தில் தறப்பாள் கூடாரத்துக்குள் கிடந்த நாட்களில்கூடப் பக்கத்தில் யாராவது இருமினார்கள். இங்கே அதுவும் இல்லை. தரையைக் கழுவினது நான்தானே என்ற நினைப்பு வந்தது. அழுதாள். அழுதுகொண்டே அந்தச் சப்பாத்தில் காய்ந்திருந்த சாந்தைச் சுரண்டத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். அது அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது.

அடுத்த நாள் விடிய அந்தச் சப்பாத்துப் பையோடு அவள்தான் முதலில் வேலைக்குப் போனாள். கோபாலசிங்கமும் துரியும் வந்ததும், தான் உள்ளதைச் சொல்லப்போவதாகச் சொன்னாள். துரி சிகரெட்டைப் பற்றவைத்தான். தன் தகப்பனும் ஒரு கட்டடத்தில் சாரத்தால் விழுந்தவர், கடதாசியில் மட்டும் தன் வீட்டுப் படியில் விழுந்தார் என்றான். கோபாலசிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"உங்களுக்கென்ன அக்கா, நீங்கள் தனியாள். எனக்கு நிரோசினியும் பிள்ளையளும் இருக்கினம்."

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"ஓம் தம்பி, தனியாள்தான். அருளையா அண்ணையும் தனியாள். அவருக்காக ஆரும் வந்து கேக்கமாட்டினம் எண்டுதான் சிஞ்ஞோரா நினைக்கிறா. நாளைக்கு நீ விழுந்தால் நிரோசினி ஆரைக் கூட்டிக்கொண்டு வாறது?"

கோபாலசிங்கம் சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தவன் அப்படியே இருந்தான்.

சிஞ்ஞோரா படக்காரனோடு வந்தாள். கையில் பூங்கொத்து, நடு அறை மேசைக்கு. புஸ்பவதி வாசற்படியிலிருந்து எழுந்து, தன் சப்பாத்துக் காலோடு வாசலைத் தாண்டி உள்ளே நடந்தாள். தான் முழங்காலால் மினுக்கிய நீல ஓடுகளின் மேல் மண் அச்சு விழுந்தது. அதைப் பார்க்க அவளுக்கே மனம் கூசியது. ஆனாலும் நடந்தாள்.

"என்ன செய்கிறாய்? சப்பாத்தைக் கழற்று" என்றாள் சிஞ்ஞோரா.

"நேற்று அருளையா அண்ணை கழட்டினவர்."

"அவனாகவே கழற்றினான். நானா முதலில் சொன்னேன்?"

"இல்லை. முதலிலை நாங்களாத்தான் கழட்டினம். வீடெண்டு நினைச்சுக் கழட்டினம்." இத்தாலியனில் சொற்களைத் தேடித் தேடி அடுக்கினாள். "இது எங்களுக்கு வீடில்லை, சிஞ்ஞோரா. வேலை செய்யிற இடம். அவர் விழுந்ததும் வேலை செய்யிற இடத்திலைதான்."

"நீ சொன்னால் என் அம்மாவுக்கு வேலைக்காரி தேவையில்லாமல் போகும். யோசித்துப் பார்."

"யோசிச்சுத்தான் வந்தனான். உங்கடை அம்மாவை நான் இன்னும் காணேல்லை."

பின்னால் காலடி கேட்டது. துரி சாந்து ஒட்டிய சப்பாத்தோடு வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றான். சற்றுப் பொறுத்து இன்னொரு காலடி. கோபாலசிங்கம். அவன் முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் சப்பாத்துக் கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது. படக்காரன் கமெராவைப் பைக்குள் வைத்துவிட்டு ஒழுங்கைக்குப் போனான். இன்றைக்குப் போகிறவர்கள் இனி வரவே வேண்டாம் என்று சிஞ்ஞோரா கத்தினாள். அவள் சொன்னதைச் செய்யக்கூடியவள் என்று மூவருக்கும் தெரியும்.

பஸ்சில் மூவரும் பின் வரிசையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். பெர்மெஸ்ஸோ என்னவாகும் என்று புஸ்பவதி திரும்பத் திரும்ப யோசித்தாள். மடியில் அருளையாவின் சப்பாத்துப் பை. பாதி வழியில் கோபாலசிங்கம் அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் தாதி இவர்களை மறித்தாள். மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்து, நோயாளிக்குச் சொந்தக்காரரா என்று கேட்டாள். இந்த நகரத்தில் யாருக்குச் சொந்தம் என்று யாராவது கேட்டால் புஸ்பவதி எப்போதும் இல்லை என்றே சொல்லிப் பழகியிருந்தாள். இந்த முறையும் வாய் அதற்குத்தான் திறந்தது. அதற்குள் துரி முந்திக்கொண்டு, சேர்ந்து வேலை செய்கிறவர்கள் என்றான்.

"ஓம்," என்று புஸ்பவதி தமிழிலேயே சொன்னாள். பிறகு இத்தாலியனில் சொன்னாள். "சேர்ந்து வேலை செய்யிறனாங்கள். அவர் விழேக்கை நாங்கள் அங்கை நிண்டனாங்கள். டொக்டரைக் கூப்பிடுங்கோ."