பதில் வராத இரண்டு கடிதங்கள்

உலர்ந்த மான் இறைச்சியை வேகவேகமாகச் சீவிக்கொண்டிருந்த ரிஸ்டினின் கட்டைவிரலைக் கத்தி பதம் பார்த்தது. அக்கா சாராவை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. விரலை வாயில் வைத்தபடி சன்னலுக்குப் போனாள், திரும்பினாள், மறுபடியும் போனாள்.

முற்றத்துத் தூறலில் வன அலுவலகத்துக்காரர்கள் ஐந்து பேர் கறுப்புக் கோட்டில் நின்றிருந்தார்கள்.

"கூப்பிடாம உள்ள வரமாட்டாங்க. உங்கக்கா சொல்லிக்குடுத்த பாடம்," என்றான் அவள் கணவன் ஆன்டே. "விட்டா கிறிஸ்துமஸ் வரைக்கும் அங்கயே நிப்பாங்க."

"நிக்கட்டும். வேர் விடட்டும்."

தெற்கே ஸ்டாக்ஹோம் பக்கமிருந்து வன அலுவலக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சாரா பத்து வருடம் வகுப்பெடுத்தாள். காலங்காலமாக இங்கே பனிமான் மேய்க்கிற தங்கள் சனங்களிடம் எப்படிப் பேசுவது என்று. எத்தனை மான் இருக்கிறது என்று கேட்காதே. வந்ததும் வரைபடத்தை விரிக்காதே. எதிரே இருப்பவர் வாய் திறக்கவில்லை என்றால் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளாதே.

"மரியாதையா மரம் வெட்டக் கத்துக்குடுக்கிறே," என்பாள் ரிஸ்டின்.

சாரா சிரிப்பாள். "நீயும் வாடி. திட்டுறதுக்கு ஒரு வாத்தியார் வேணும்."

நேற்று, வழிதவறிய மானைத் தேடிப் போனபோது, வடக்குச் சரிவின் கிழட்டுப் பைன் மரங்களில் சிவப்பு நாடா கட்டியிருந்ததை ரிஸ்டின் பார்த்தாள். தரைப்பனி கல்லாக இறுகும் வருடங்களில் அந்த மரங்களில் தொங்கும் பாசிதான் மான்களுக்கு உயிர்க்கஞ்சி. விசாரித்தாள். திங்கட்கிழமை வெட்டு. இன்று சனி.

கத்தியைப் போட்டுவிட்டு வெளியே போனாள்.

"ஹோக்கான், வடக்குச் சரிவுக்கு யாரு சம்மதம் குடுத்தா?"

அவன்தான் அலுவலகத் தலைவன். சாராவின் முதல் வகுப்பில் உட்கார்ந்தவன். "இன்னிக்கா ரிஸ்டின்..."

"திங்கக்கிழமை மெஷின் வருது. வேற என்னிக்கு?"

"உங்க சனங்களுக்காகப் பேசுறவங்க சாராதானே. அவங்களுக்கு ரெண்டு கடிதம் போட்டோம். பதில் வரல."

"மூணு வாரமா மூக்குல குழாயோட கெடந்தா. அதனால?"

"ஆட்சேபணை இல்லைன்னு..." அவன் முடிக்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது எத்தனாவது நாள் பாடம்?"

"முதல் நாள்," என்றான்.

அவன் போனை எடுத்தான். ரிஸ்டின் நிற்கமாட்டாமல் விறகுக் குவியலைச் சுற்றி நடந்தாள். காதில் துண்டுதுண்டாக விழுந்தது. "மெஷினை நிறுத்துங்க... ஆமா, எல்லா நாடாவையும்... காரணமா? நான் தப்பு பண்ணிட்டேன்னு எழுதுங்க."

திரும்பி வந்தான். "நிறுத்தியாச்சு. இனிமே... இனிமே நாங்க யார்கிட்ட வந்து கேக்கணும்?"

ரிஸ்டின் பதில் சொல்லவில்லை. வேலியைப் பார்த்தாள், ஈரச் சாலையைப் பார்த்தாள். அவன் இரண்டாம் முறை கேட்கவில்லை. தூறல் வலுத்தது. யாரும் அசையவில்லை.

கடைசியில் அவள் வீட்டுக்குள் போனாள், கதவைச் சாத்தாமல்.

ஆன்டே ஐந்து கோப்பைகளை எடுத்து வைத்தான். அவர்கள் ஒவ்வொருவராக வந்து பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள். சேறு அப்பிய தன் புதுத் தோல் காலணிகளைக் கழற்றி ஹோக்கான் அடுப்பை ஒட்டி வைத்தான்.

காப்பிப் பாத்திரத்தோடு கடந்து போகையில் ரிஸ்டின் அந்தக் காலணிகளைக் காலால் அடுப்பிலிருந்து ஒரு சாண் தள்ளினாள். அவ்வளவு சூட்டில் தோல் வெடித்துவிடும்.