மூன்றாம் மாடியில் கற்ற கணக்கு

தவமணி மகளின் தேர்வுத்தாளைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அழித்து எழுதிய தடம் ஏதும் தெரியவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"யாரப் பாத்து எழுதுன?"

"யாரையும் பாக்கலம்மா."

"மார்ச்சுல பதினாலு. மேயில இருவத்தொன்னு. இப்ப எழுவத்தி நாலா?"

பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் படிக்கும் ரூபிணி தலை நிமிரவில்லை. கூடுதல் கணிதத்தில் அவள் பதினான்கு எடுத்தபோது வீட்டில் யாரும் கோபப்படவில்லை. அந்தப் பாடமெல்லாம் நமக்கு வராதுலா என்று அப்பா குணசேகரன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். இப்போது பெற்றோரை வரச்சொல்லி ஆசிரியை கடிதம் அனுப்பியிருந்தார்.

"பஸ்ஸு மூனரைக்கே வந்துருது. ரெண்டு மாசமா இவ வீட்டுக்கு வர்றது அஞ்சரைக்கு" என்றாள் தவமணி கணவரிடம். "கைப்பேசியப் பாத்துட்டேன், ஒன்னும் இல்ல. பைய நீங்க பாருங்க."

குணசேகரன் பையைத் தரையில் கவிழ்த்தார். புத்தகங்களும் ஓர் உடைந்த அடிக்கோலும் விழுந்தன.

"எவனாச்சும் இருக்கானா? இப்பவே சொல்லிரு."

"இல்லப்பா."

மறுநாள் பள்ளியில் ஆசிரியை ரொஸ்னானி மூவரையும் உட்காரவைத்து மலாயில் பேசினார். "நான் குத்தம் சொல்லலங்க. ஆனா ரெண்டு மாசத்துல இப்படி ஏறினா மத்த பிள்ளைங்க கேக்குறாங்க. எம் முன்னால ஒரு கணக்குப் போடட்டும்."

கூம்பு வடிவத் தொட்டியில் தண்ணீர் என்ன வேகத்தில் ஏறுகிறது என்று கண்டுபிடிக்கவேண்டிய கணக்கு. ரூபிணி இரண்டு வரி எழுதினாள். மூன்றாவது வரியில் பேனா நின்றது. தவமணி கணவரைப் பார்த்தாள். ரூபிணி எழுதியதை அடித்துவிட்டு, தாளின் ஓரத்தில் கூம்பை மறுபடி வரைந்தாள். ஆரத்தைத் தவறாக எடுத்திருந்தது தெரிந்தது. பிறகு பேனா நிற்கவில்லை.

ஆசிரியை கடைசி வரிவரை பார்த்தார். "சரியா இருக்கு. ஒன்னைய சந்தேகப்பட்டுட்டேன், மன்னிச்சிரும்மா. யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"எங்க கட்டடத்துல மூனாவது மாடி வல்லி அக்கா. கையுறை ஃபேக்டரியில காலை ஷிஃப்டு வேல பாக்குறாங்க. ஆறாம் படிவம் வரைக்கும் படிச்சவங்க."

குணசேகரனின் முகத்தில் அப்போதுதான் அரும்பியிருந்த சிரிப்பு நின்றுபோனது. அவருடைய அப்பாவும் வல்லியின் அப்பாவும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். தொழிலாளர் வரிசை வீடுகளில் வல்லியின் ஆட்கள் கடைசி லயத்தில் இருந்தார்கள். மற்ற லயத்துக்காரர்கள் அவர்கள் வீட்டில் கை நனைப்பதில்லை. ரப்பர் மரங்களை வெட்டி வீடுகள் கட்டி இருபத்தைந்து வருடமாகிறது. இந்த அடுக்குமாடியில் எல்லாரும் ஒரே மின்தூக்கியில்தான் ஏறி இறங்குகிறார்கள். ஆனால் யார் எந்த லயம் என்பதை ஒருவரும் மறக்கவில்லை.

காருக்குள் ஏறியதும் தவமணி திரும்பிப் பார்த்தாள்.

"அவ வீட்டுல தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன். சோறும் சாப்டேன்."

"அதுக்கு நீ பாத்தே எழுதியிருக்கலாம்."

குணசேகரன் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "நாளைக்கே பழைய டியூஷன்ல சேத்துவிடுறேன். இனிமே அங்க போகாத."

"அந்த டியூஷனுக்குப் போய்த்தாம்பா பதினாலு எடுத்தேன்."



திங்கட்கிழமை மூன்றரைக்குப் பேருந்து வந்து போனதைத் தவமணி ஐந்தாவது மாடியிலிருந்து பார்த்தாள். மகள் மேலே வரவில்லை. தவமணி மூன்றாவது மாடிக்குப் படியில் இறங்கிப் போனாள்.

இத்தனை நாளும் ரூபிணி காலணிகளைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வல்லியின் வீட்டுக்குள் போவாள். இன்று அந்த வெள்ளைக் காலணிகள் வாசலில், எல்லாரும் நடக்கிற வழியில், சேர்ந்து இருந்தன. கதவு திறந்திருந்தது. வல்லி நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்கக்கா. உள்ள வாங்க."

தவமணி உள்ளே போகவில்லை. நடையின் இரு பக்கமும் பார்த்தாள். எதிர்வீட்டுக் கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. சட்டென்று குனிந்து காலணிகளை எடுத்து முந்தானைக்குள் மறைத்தாள்.

ரூபிணி எழுந்து வந்தாள். அம்மாவின் கையிலிருந்து காலணிகளை வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, விட்ட கணக்கைத் தொடரப் போனாள்.