கெட்டித் தரையில் ஒரு பந்து

பந்து தரையில் பட்டதும் துள்ளியது. துள்ளிய வேகத்தில் கொடியைத் தாண்டி, வட்டத்தைத் தாண்டி, அந்தப் பக்கம் இருந்த வேலிக்காத்தான் புதருக்குள் போய் ஒளிந்துகொண்டது. ராபர்ட் தன் கையிலிருந்த மட்டையைத் திருப்பிப் பார்த்தான், தப்பு அதன் பின்பக்கம் எங்காவது எழுதியிருக்குமோ என்பது போல.

"என்னய்யா, கில்லியா ஆடுற?" என்றார் ஜெனரல் மேனேஜர் தில்லைநாதன். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அவர் சிரிப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்கள் அந்தத் தொழிற்சாலையில் குறைவு. "தூரத்துலேர்ந்து அடிக்கிறப்ப பீரங்கி மாதிரி அடிக்கிற. கிட்ட வந்தா சொதப்புற. அடுத்த ஞாயித்துக்கிழமை ஹெட் ஆபீஸ்லேர்ந்து பரேக் வராரு. நீயும் நானும் ஒரு ஜோடி. போன வருஷம் அந்த ஆளுகிட்ட தோத்து நான் பட்டது போதும். இத மட்டும் சரி பண்ணிடு."

கடலூர் சிப்காட்டில், கடல் காற்று உப்பை அள்ளிக்கொண்டு வந்து கொட்டும் இடத்தில் இருந்தது அந்த ரசாயனத் தொழிற்சாலை. பின்பக்கத்துத் தரிசில் தில்லைநாதன் ஆறு குழி வெட்டி, ஆறு கொடி நட்டு, அதற்குக் கோல்ஃப் மைதானம் என்று பெயர் வைத்திருந்தார். குழியைச் சுற்றி இருக்கும் வட்டத்துக்கு உலகம் முழுக்க கிரீன் என்றுதான் பெயராம். இங்கே பச்சை என்று சொல்லிக்கொள்ள ஒரு புல்லும் கிடையாது. மூன்று தரம் விதைத்துப் பார்த்தார். மூன்று தரமும் உப்புத் தண்ணீர் குடித்துக் கருகிப்போனது. கடைசியில் களிமண்ணும் மணலும் கொட்டி ரோடு ரோலர் விட்டு இறுக்கிவிட்டார்கள். பங்குனி வெயிலில் அது தார் ரோட்டுக்குத் தம்பி போல ஆகியிருந்தது. மேலேயிருந்து பந்து விழுந்தால் நிற்காது.

ராபர்ட்டின் சங்கடம் அவன் மணிக்கட்டில் இருந்தது. கடலூர் முதுநகரில் கில்லி ஆடி வளர்ந்த கை. குழி மேல் கிடக்கும் புள் என்கிற சின்னக் கட்டையைக் குச்சியால் கெந்தித் தூக்கிப் பழகிய கை. எதிரே சின்னதாக ஒரு பொருள் கிடந்தால் போதும், அடியில் விட்டு மேலே தூக்கத்தான் பார்க்கும். புத்தியில் 'தூக்காதே' என்று உத்தரவு கிளம்பி மணிக்கட்டுக்கு வந்து சேர்வதற்குள் பந்து ஆகாயத்தில் இருக்கும்.

மறுநாள் கேன்டீனில்தான் விவகாரத்தின் அடுத்த பக்கம் தெரிந்தது. பர்சனல் டிபார்ட்மென்டில் இருக்கும் சுப்புராயன், ஒரே தெருவில் வளர்ந்தவன், தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தான்.

"மச்சான், பரேக் எதுக்கு வராருன்னு தெரியுமா?"

"ஆட்டம் ஆட."

"ஆளு புடிக்க. குஜராத்துல புது பிளான்ட். உங்க இன்ஸ்ட்ரூமென்ட் டிபார்ட்மென்ட்லேர்ந்து ஒரு ஆளு போவணுமாம். போன வருஷம் ஐதராபாத் யூனிட்ல அவரு கூட ஆடி ஜெயிச்சானே ஒருத்தன், அடுத்த மாசமே பொட்டி படுக்கையோட ரயிலேத்திட்டாரு. நல்லா ஆடுறவன் நிதானமானவன்னு அவருக்கு ஒரு நெனப்பு."

ராபர்ட்டுக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. "அப்ப தோத்துடுறேன்."

"தோத்தா நம்ம தில்லைநாதன் உன்ன சும்மா வுடுவாரா? யாரு போறதுன்னு பேரு குடுக்கறதே அவருதான். மானத்த வாங்குனவன்னு மொத பேரா உன் பேரத்தான் சொல்லுவாரு."

"அப்ப ஜெயிக்கணுமாடா, தோக்கணுமா?"

சுப்புராயன் யோசித்தான். மிகவும் நேர்மையாக யோசித்தான். "சாம்பார் ஆறிப்போவுது, மொதல்ல சாப்புடு" என்றான்.

அது இரண்டாயிரத்து ஒன்பது. அமெரிக்காவில் எந்த வங்கியோ கவிழ்ந்ததற்கு கடலூரில் ஷிஃப்டைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். மாற்றல் வேண்டாம் என்று சொல்கிறவனுக்கு ராஜினாமா எழுத வெள்ளைத்தாள் கொடுக்கப்படும். மனைவி பெலிசியாவைக் கூட்டிக்கொண்டு போகலாமே என்றால், அவள் எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்து, வருஷக்கணக்காகக் காத்துக்கிடந்து, போன ஆடியில்தான் சிதம்பரத்தில் அரசாங்க நர்ஸாகச் சேர்ந்திருந்தாள். அந்த ஆர்டர் வந்த அன்று அவள் அழுத அழுகையை அவன் பார்த்திருக்கிறான். அதை விட்டுவிட்டு வா என்று கேட்க அவனுக்கு வாய் வராது. கேட்காமல் தனியாகப் போகவும் மனசு வராது. மாலையில் கம்பெனி பஸ் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஊர் ஊராக ஆளை உதிர்த்துக்கொண்டே சிதம்பரம் போனது. வழி நெடுக அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து ஜெயித்தும் பார்த்தான், தோற்றும் பார்த்தான். எப்படி ஆடினாலும் கடைசியில் குஜராத்தில்தான் இறங்கினான்.

சரி, எதற்கும் கை தயாராக இருக்கட்டும் என்று வீட்டு மொட்டை மாடியில் பயிற்சியை ஆரம்பித்தான். தட்டோடு பதித்த மாடி. கிரீனைவிடக் கொஞ்சம்தான் கெட்டி. தேங்காய் நார்க் கால்மிதியின் மேல் பந்தை வைத்து, எதிர்க் கோடியில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, பந்தை உயரத் தூக்கும் அகலமான வெட்ஜ் மட்டையால் அடித்தான். பந்து எழும்பியது, டொக்கென்று விழுந்தது, துள்ளிப் போய்க் கைப்பிடிச் சுவரில் மோதியது. மறுபடி டொக். மறுபடி.

கீழ்வீட்டுக்காரி லோகநாயகி மாடிப்படியில் பாதி ஏறி நின்றாள். வீடு அவளுடையது.

"தம்பி, மேல என்னா நடக்குது? எங்க வூட்டுக்காரரு நைட் டூட்டிக்கிப் போவணும்னு படுத்திருக்காரு. மண்டையில உக்காந்து தேங்கா ஒடைக்கிற மாதிரி இருக்குன்றாரு."

"கோல்ஃப்பு பழகுறங்க்கா. ஆபீசு வேலைதான்."

"ஆபீசு வேலைய ஆபீசுல பாக்கக் கூடாதா? சத்தம் வராம ஆடுறதுன்னா ஆடு. இல்லன்னா வேற மாடி பாரு."

அவள் இறங்கிப் போன பிறகு ராபர்ட் சுவரோரம் கிடந்த பந்தைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். சத்தம் வராமல் எப்படி ஆடுவது? பந்து உயரத்திலிருந்து விழக்கூடாது. விழக்கூடாது என்றால் எழும்பக்கூடாது. வெட்ஜை வைத்துவிட்டு, பந்தை அவ்வளவாகத் தூக்காத எட்டாம் நம்பர் மட்டையை எடுத்தான். பந்தை வலது காலுக்கு நேராகத் தள்ளி வைத்தான். மணிக்கட்டு மடங்கினால் தூக்கிவிடும். அதனால் இரண்டு கையையும் கட்டை போல விறைப்பாக வைத்துக்கொண்டு, தோளை மட்டும் ஆட்டினான். பந்து முழங்கால் உயரம்கூடப் போகவில்லை. பக்கத்திலேயே பூனை குதிப்பது போல இறங்கி, பிறகு தானாக உருண்டது. உருண்டுகொண்டே போய் வட்டத்தின் கோட்டில் நின்றது.

தூக்கம் கெடக்கூடாதே என்கிற பயத்தில் அன்றைக்கு அவன் அடித்த பந்துகளில் பாதி வட்டத்துக்குள் போயின. அவனுக்குச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஒரு வித்தை கைக்கு வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் வரவில்லை.

துணி எடுக்க வந்த பெலிசியா கொடிக்கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் அவன் எல்லாவற்றையும் கொட்டினான். பரேக், குஜராத், தில்லைநாதன், சுப்புராயனின் சாம்பார்வரை. அவள் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பக்கெட்டில் போட்டாள்.

"நீ என்னா சொல்ற பெலிசி? ஜெயிக்கவா, தோக்கவா?"

"என்ன ஏன் கேக்குறீங்க?"

"நீதான இங்க இருக்க. உனக்குத்தான வேல இங்க."

அவள் ஒரு தலையணை உறையை உதறினாள். தேவைக்கு மேலேயே உதறினாள். "எனக்காவ தோத்தேன்னு நாளைக்கு ஒரு சண்டையில சொல்லிக் காமிக்கக் கூடாது. எனக்காவ ஜெயிச்சேன்னும் சொல்லக் கூடாது. ஆடத் தெரிஞ்சா ஆடுங்க."

"அப்ப நான் போனா பரவால்லியா?"

"அத நான் சொன்னனா?"

"போவக் கூடாதுன்னாவது சொல்லேன்."

"அதயும்தான் சொல்லல."

துணியை வாரிக்கொண்டு அவள் இறங்கிவிட்டாள். அவள் கோபமாக இருந்தாளா, இல்லை அழப்போகிறாளா என்று கண்டுபிடிக்க அவனுக்கு முகம் கிடைக்கவில்லை. துணிக் குவியல் மறைத்திருந்தது.

ஆட்டம் வந்த ஞாயிறு குருத்தோலை ஞாயிறாக அமைந்துவிட்டது. பெலிசியா பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவன் மட்டைப் பையைத் தோளில் மாட்டினான். "பூசைக்கி வராம போறது இதுதான் மொத தடவ" என்றாள். கண்டிக்கிறாளா, கணக்குச் சொல்கிறாளா? அதுவும் விளங்கவில்லை.

பரேக் ஒல்லியாக, வெள்ளைத் தொப்பியோடு, எதைப் பார்த்தாலும் தலையாட்டுகிறவராக இருந்தார். அவர் ஜோடியாகச் சென்னை ஆபீஸ் கணக்குப்பிள்ளை ஒருவர், ஆடுவதைவிடக் கைதட்டுவதில் கெட்டிக்காரர். வெயில் ஏற ஏறத் தரை இன்னும் இறுகியது. முதல் குழியை தில்லைநாதன் ஜெயித்தார், அடுத்ததை பரேக். மூன்றாவதில் ராபர்ட் எட்டாம் நம்பரால் ஒரு பந்தை உருட்டிக் கொடியருகே நிறுத்த, பரேக் நின்று அதைப் பார்த்துத் தலையாட்டினார். அதற்குப் பயந்து நான்காவதில் வெட்ஜை எடுத்துத் தூக்கி அடித்து, வேண்டுமென்றே புதருக்குள் விட்டான். தில்லைநாதன் சிரித்தார். ராபர்ட்டின் முதுகு வேர்த்தது.

ஐந்தாவது குழிக்கு நடக்கும்போது பரேக் அவன் பக்கத்தில் வந்துகொண்டே இங்கிலீஷில் கேட்டார்: "எங்கள் குஜராத் பக்கம் பருப்பில் வெல்லம் போடுவோம். உனக்குப் பிடிக்குமா?"

பிடிக்கும் என்றால் என்ன அர்த்தம், பிடிக்காது என்றால் என்ன அர்த்தம்? "சாப்பிட்டதில்லை சார்" என்றான். பரேக் அதற்கும் தலையாட்டினார்.

கடைசிக் குழிக்கு வரும்போது இரண்டு கட்சியும் சமம். தில்லைநாதனின் பந்து முள்ளுக்குள் தொலைந்திருந்தது. பரேக்கும் கணக்குப்பிள்ளையும் தங்கள் பந்துகளைக் குழியில் போட்டு முடித்துவிட்டார்கள். பாக்கி ராபர்ட் மட்டும். அவன் பந்து கிரீனுக்கு வெளியே, வெடித்த மண்ணில் கிடந்தது. இனி இரண்டே அடியில் குழிக்குள் போட்டால் ஜெயம். துள்ளிப் போய்விட்டால் தோல்வி.

அவன் வெட்ஜை உருவினான். ஒரு கெந்து கெந்தினால் போதும்; மிச்சத்தைத் தரை பார்த்துக்கொள்ளும். தில்லைநாதன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பரேக் கொடிக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெயர் கொடுப்பவர் ஒருவர், ஆளைக் கொண்டுபோகிறவர் ஒருவர். இவர்களில் யாருக்காக இந்த அடி? பெலிசியாவுக்காக என்றால் அவளே வேண்டாம் என்றுவிட்டாள். கூட்டிக் கழித்துப் பார்த்தான். ஒன்றும் மிஞ்சவில்லை, தரையும் பந்தும் தவிர.

வெட்ஜைப் பையில் போட்டான். எட்டாம் நம்பரை எடுத்தான்.

ஏன் எடுத்தான் என்று அவனைக் கேட்டால் அவனுக்கும் தெரியாது. பந்தை வலது காலுக்கு நேரே வைத்து, கையை விறைத்து, தோளை ஆட்டினான். பந்து தரையை ஒட்டிக் கிளம்பியது. கிரீனின் ஓரத்தில் ஒருமுறை இறங்கியது, சின்னதாக ஒரு எட்டு வைத்தது, அப்புறம் உருள ஆரம்பித்தது. வெள்ளையாக, சத்தமில்லாமல், இறுகிப்போன மண்ணின் மேல் அது போய்க்கொண்டே இருந்தது. நடுவில் லேசாக இடது பக்கம் வளைந்து, மனசு மாறியது போல மறுபடி நேராகி, வேகம் குறைந்து, குறைந்து, குழியின் விளிம்பில் எட்டிப் பார்த்தது. பார்த்தபடியே உள்ளே விழுந்தது. கணக்குப்பிள்ளை எந்தக் கட்சி என்பதை மறந்து கைதட்டினார்.

ராபர்ட்டுக்கு வாய்விட்டுச் சிரிக்கவேண்டும் போல இருந்தது. அதே நேரம் குஜராத்தும் ஞாபகம் வந்தது.

இடப்பக்கமிருந்து தில்லைநாதன் வந்துகொண்டிருந்தார், கையை நீட்டியபடி. எதிரேயிருந்து பரேக்கும் வந்துகொண்டிருந்தார், கையை நீட்டியபடி. இரண்டு பேர் முகத்திலும் ஒரே மாதிரிச் சிரிப்பு. அவன் மட்டையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினான். உள்ளங்கை ஈரமாக இருந்தது, பேன்ட்டில் துடைத்தான். காற்று கொடியைப் பிடித்து படபடவென்று அடித்தது. இரண்டு கைகளும் ஒரே நடையில், ஒரே உயரத்தில், அவன் வலது கையை நோக்கி நெருங்கிக்கொண்டிருந்தன.